தொட்டறியும் படநூல்

பள்ளியில் சேரும் முன்னரே குழந்தை படிக்கத் தொடங்கிவிடுகிறது. தாயின் மடியில் அமர்ந்து வண்ணப் படநூலைப் புரட்டுகிறது; ஆட்டின் படத்தைக் கண்டு ‘ஆடு’ என்றும், இலையின் படத்தைக் கண்டு ‘இலை’ என்றும் மழலை மொழிகிறது. எழுத்தின் வடிவம் அதற்கு இன்னும் தெரியாது. ஆயினும், தாளில் உள்ள ஒரு குறி உலகில் உள்ள ஒரு பொருளைச் சுட்டும் என்னும் உண்மையை அது உணர்ந்துவிடுகிறது. நூலுக்குத் தலைப்புறமும் அடிப்புறமும் உண்டு. இடமிருந்து வலமாகச் செல்ல வேண்டும். தாளைத் திருப்பினால் கதை வளரும். இவற்றையெல்லாம் எவரும் கற்பியாமலே கற்றுக்கொள்கிறது. ஐந்தாம் வயதில் அது அகரம் எழுதத் தொடங்கும்போது, அவ்வகரத்தின் பின்னே இரண்டு மூன்று ஆண்டுப் பயிற்சி மறைந்து நிற்கிறது.

பார்வையின்றிப் பிறந்த குழந்தைக்கோ இவ்வாண்டுகள் பெரும்பாலும் நூலின்றியே கழிகின்றன. வழவழப்பான தாள்களைக் கொண்ட படநூல் அதன் கைக்கு வெறும் தாள்கட்டு. ஆட்டின் பக்கத்துக்கும் ஆனையின் பக்கத்துக்கும் வேறுபாடு இல்லை. பின்னர் ஒருநாள் அக்குழந்தை பள்ளியில் சேர்க்கப்படுகிறது. அன்று அதன் விரலின் கீழே பிரெயில் புள்ளிகள் வைக்கப்படுகின்றன. புள்ளி ஏன் எழும்பியிருக்கிறது, அது எதைச் சுட்டுகிறது, விரல் எத்திசையில் நகர வேண்டும் என்னும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கற்க வேண்டிய நிலை நேர்கிறது. ஏணியின் கீழ்ப்படிகளை அகற்றிவிட்டு, மேற்படியில் ஏறவில்லையே என்று குழந்தையைக் கடிவது எத்தகைய நீதி? அகற்றப்பட்ட அக்கீழ்ப்படியே தொட்டறியும் படநூல். அது இரக்கத்தால் வழங்கும் விளையாட்டுப் பொருள் எனக் கருதுவோர் பலர். அக்கருத்துப் பிழையானது. எழுத்தறிவின் முதற்படியாகிய அது, பாடநூலைப் போலவே ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாகக் கிடைக்க வேண்டும்.

தொடுதலைத் தாழ்ந்த அறிவாக எண்ணும் வழக்கம் தமிழர்க்கு இல்லை. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஆறு வகையாகப் பகுத்தபோது, உடம்பால் உற்று அறிவதையே முதலறிவாக வைத்தார். நாவும் மூக்கும் அதன்பின் வந்தன. கண்ணறிவை நான்காவதாகவே கூறினார். தொண்டை நாட்டுப் புலவராகிய அந்தகக்கவி வீரராகவர் பிறவியிலேயே பார்வையற்றவர். அவர் தம் முதுகில் எழுத்துகளை எழுதிக் காட்டச் சொல்லித் தமிழ் கற்றார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. அவருக்கு அக்காலத்தில் வேறு ஏடு இல்லை, உடம்பே ஏடாயிற்று. இளமையிலேயே கண்ணொளி இழந்த பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர், கேள்வியாலேயே பெரும்புலமை பெற்றார். இத்தகையோர் அருஞ்செயல் வல்லவர். ஆயினும் ஒரு சிலர் மலையேறினர் என்பதற்காக, மற்றவர்க்குப் படிகள் வேண்டா என்று கூறுவது பொருந்தாது.

பார்வையற்றோர்க்கு எழுத்து வந்த வரலாறு, படம் வர வேண்டிய வழியையும் காட்டுகிறது. பிரான்சு நாட்டின் பாரிசு நகரில் வாலண்டைன் ஆய் என்பார் 1784-ஆம் ஆண்டில் பார்வையற்ற இளைஞர்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். தாளில் எழுத்துகளை மேடுறச் செய்து நூல்கள் அச்சிட்டார். அவர் நன்மனத்தில் ஐயமில்லை. ஆனால், கண்ணுக்கென அமைந்த எழுத்து வடிவங்களையே அவர் அப்படியே உயர்த்தினார். வளைவும் நெளிவும் மிகுந்த அவ்வடிவங்களை விரல் மெல்ல மெல்லத் தடவியே அறிய வேண்டியிருந்தது; அந்நூல்களோ மிகப் பருத்தவை. மாணவர் ஒரு வரியைப் படிப்பதற்குள் களைப்புற்றனர்.

அப்பள்ளியில் 1819-ஆம் ஆண்டில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சேர்ந்தான். அவன் பெயர் லூயி பிரெயில். குப்ரே என்னும் சிற்றூரில், குதிரைச் சேணம் தைக்கும் தந்தையின் பட்டறையில் மூன்று வயதில் கூரிய கருவியால் கண்ணைக் காயப்படுத்திக்கொண்டு, பின்னர் இரு கண்களின் ஒளியையும் இழந்தவன். படைவீரர் இருளில் செய்தி அறிவதற்கென சார்லசு பார்பியே என்பார் அமைத்திருந்த பன்னிரு புள்ளி முறையை அவன் அறிந்தான். பன்னிரு புள்ளிகளும் ஒரு விரல்நுனியில் அடங்கா என்பதை, படித்துப் பார்த்த அவன் விரலே கூறிற்று. ஆகவே அவற்றை ஆறாகக் குறைத்தான். பதினைந்து வயதில் அவன் வகுத்த அம்முறை 1829-இல் நூலாக வெளிவந்தது. ஆறு புள்ளிகளால் அறுபத்து மூன்று குறிகள் அமைந்தன. பிரெயில் 1852-இல் மறைந்து ஈராண்டுகள் கழிந்த பின்னரே அவர் பயின்ற பள்ளி அம்முறையை முறையாக ஏற்றுக்கொண்டது. ஆய் கண்ணின் எழுத்தை உயர்த்தினார். பிரெயில் விரலுக்கென ஓர் எழுத்தைப் படைத்தார். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும்.

தமிழ்நாட்டில் பாளையங்கோட்டையில் 1890-ஆம் ஆண்டில் பார்வையற்றோர் பள்ளி தோன்றியது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951-இல் உருப்பெற்றது. அதன் வழியே தமிழ்ப் பாடநூல்கள் புள்ளி எழுத்தில் வெளிவந்தன. சேலத்திலும் பார்வைத்திறன் குறையுடைய குழந்தைகளுக்கென அரசுப் பள்ளி உள்ளது. ஆனால் எழுத்து வந்த வேகத்தில் படம் வரவில்லை. பாடநூலைப் புள்ளி எழுத்தில் பெயர்க்குங்கால், படம் உள்ள இடத்தை வெறுமனே விட்டுவிடுவது நெடுங்கால வழக்கமாயிற்று. பார்வையற்றவர்க்குப் படம் எதற்கு என்று எவரும் வினவாமலே விடை கூறிவிட்டனர்.

மேலைநாடுகளிலும் இவ்வுணர்வு காலந்தாழ்ந்தே தோன்றியது. 1970-களின் பிற்பகுதியில், டென்மார்க்கில் வாழ்ந்த வர்ஜீனியா ஆலன் ஜென்சன் என்னும் அம்மையார் தொட்டறியும் படங்களைக் கொண்ட ஒரு கதைநூலை வெளியிட்டார். அக்கதையின் மாந்தர்க்கு முகமும் உடையும் இல்லை. ஒருவன் சொரசொரப்பானவன், மற்றொருவன் வழவழப்பானவன். யார் வருகிறார் என்பதை விரல் உடனே அறிந்துகொள்ளும். 1994-ஆம் ஆண்டில் பிரான்சின் டிஜோன் நகரில், பார்வையற்ற குழந்தைகளின் ஆசிரியரான பிலிப் குளோதே என்பார் இத்தகைய நூல்களைச் செய்வதற்கென ஒரு பதிப்பகம் தொடங்கினார். ‘கனவு காணும் விரல்கள்’ என்பது அதன் பெயரின் பொருள். இந்தியாவில், தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்த முயற்சியொன்று, அறிவியல் கணக்குப் பாடங்களின் படங்களை மேடுற்ற கோடுகளாக அச்சிட வழிகண்டது. சென்னையில் சேதனா அறக்கட்டளை பார்வைக் குறையுடைய சிறார்க்கு ஏற்ற கதைநூல்களை உருவாக்கியுள்ளது. வழி திறந்துவிட்டது. அவ்வழியே எங்ஙனம் செல்வது என்பதே இனி எண்ணத் தக்கது.

நன்மனம் படைத்தோர் பலர் இங்கே ஆய் செய்த பிழையையே மீண்டும் செய்கின்றனர். கண்ணுக்கென வரைந்த ஓவியத்தை எடுத்து, அதன் கோடுகள்மீது பசையும் நூலும் ஒட்டி, ‘இதோ தொட்டறியும் படம்’ என்று கொடுத்துவிடுகின்றனர். கண்ணின் இயல்பு வேறு. விரலின் இயல்பு வேறு. கண் முழுமையை முதலில் கண்டு பின்னர் உறுப்புகளை ஆராய்கிறது. விரலோ ஒவ்வோர் உறுப்பாகத் தொட்டுச் சென்று, அவற்றை மனத்தில் கோத்து, இறுதியிலேயே முழுமையை அடைகிறது. ஓவியத்தில் பசுவின் ஒரு கால் மற்றொரு காலை மறைத்து நிற்கலாம்; ‘மறைதல்’ என்பது விரலுக்குத் தெரியாது. தொலைவில் உள்ள மரத்தைச் சிறிதாகவும் அருகில் உள்ள மனிதனைப் பெரிதாகவும் வரைவது கண்ணுக்குப் பொருந்தும். விரலோ, மனிதனைவிடச் சிறிய மரம் ஒன்று உண்டு போலும் என்று எண்ணும்.

வீட்டின் படத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு சதுரமும் அதன்மேல் ஒரு முக்கோணமும் வரைந்தால் பார்வையுள்ள குழந்தை ‘வீடு’ என்று சொல்லிவிடும். பார்வையற்ற குழந்தை தன் வீட்டின் கூரையை ஒருநாளும் தொட்டதில்லை. அதற்கு வீடு என்பது கால் தடுக்கும் வாயிற்படி, உள்ளங்கையில் குளிரும் திண்ணை, கிறீச்சிட்டுத் திறக்கும் கதவு, கயிற்றுக் கட்டிலின் பின்னல். ஆகவே, திறந்து மூடத்தக்க சிறு மரக்கதவும், அதன் கீழே உயர்ந்த ஒரு படியும், உள்ளே கயிற்றுப் பின்னலும் வைத்தால், அதன் விரல் ‘இது வீடு’ என்று கூறும். நாமக்கல்லில் கட்டப்படும் சரக்குந்தைக் காட்ட வேண்டின், பெட்டியும் நான்கு வட்டங்களும் போதா. பள்ளங்கள் வெட்டிய டயர்த் துண்டு, மேலே மூடிய தார்ப்பாய், அதை இறுக்கிய கயிற்று முடிச்சு ஆகிய இவையே சரக்குந்தின் மெய்யான அடையாளங்கள்.

ஊரின் இயற்கையையும் இவ்வாறே காட்டலாம். நாமக்கல் நகரின் நடுவே ஒரே கல்லாக எழுந்து நிற்கும் மலைக்கோட்டையைக் கோட்டால் வரைந்தால் அது கவிழ்த்த கிண்ணமாகவே தோன்றும். உப்புத்தாளை மேடாக ஒட்டி, உச்சியில் கோட்டைச் சுவருக்கு ஒரு தடித்த நூலைத் தைத்து, அடியில் ஒரு மனிதனுக்காகக் கடுகளவு மணியைப் பதித்துவிட்டால், அப்பாறையின் பெருமை விரலுக்குப் புலனாகும். கொல்லிமலைக்குச் செல்லும் பாதையில் எழுபது கொண்டையூசி வளைவுகள் உண்டு. எழுபதையும் ஒரு தாளில் அடைத்தால் விரல் வழி தெரியாமல் திகைக்கும். திரும்பித் திரும்பிச் செல்லும் ஒரு கயிற்றில் ஐந்தாறு வளைவுகளை மட்டும் அமைத்தால் போதும். பேருந்தில் ஒருமுறை மலையேறிய குழந்தை, தன் உடல் இப்புறமும் அப்புறமும் சாய்ந்த நினைவை அக்கயிற்றில் மீண்டும் அடையும். மேட்டூரிலிருந்து இறங்கிவரும் காவிரியை ஒரு பட்டு நாடாவாகத் தைக்கலாம். அந்நாடா ஒவ்வொரு பக்கத்திலும் தொடர்ந்து வந்தால், குழந்தையின் விரல் ஆற்றின் போக்கிலேயே நூலைப் படித்து முடிக்கும்.

யானையைத் தடவிப் பார்த்த நால்வர் கதையை அறியாதார் இலர். காலைத் தொட்டவன் தூண் என்றான்; காதைத் தொட்டவன் முறம் என்றான்; வாலைத் தொட்டவன் துடைப்பம் என்றான். இக்கதையைக் கூறிப் பார்வையற்றோரை நகைப்பது உலக வழக்கு. சற்றே எண்ணிப் பார்ப்பின், குற்றம் அந்நால்வர்மீது இல்லை. ஆளுக்கு ஓர் உறுப்பை மட்டும் தொடவிட்டு, யானையைச் சுற்றிவர நேரம் அளியாமல் அழைத்துச் சென்றவன்மீதே குற்றம் உண்டு. முழு யானையையும் இரு கைகளுள் அடங்கும் சிறு மரப்பாவையாகச் செய்து முதலில் அளித்து, பின்னர் மெய்யான யானையின் பக்கத்தில் நிறுத்தியிருந்தால், நால்வரும் ஒரே விடையைக் கூறியிருப்பர். கதை புகட்டும் நீதி அறிவில்லாரைப் பற்றியதன்று. அறிவிப்பவனின் கடமையைப் பற்றியது.

இத்தகைய நூலைச் செய்வதற்கு வேண்டிய பொருள்களைச் சேலம் நாமக்கல் சமவெளி மிகுதியாகப் பெற்றுள்ளது. இளம்பிள்ளையிலும் எடப்பாடியிலும் தறிகளினின்று விழும் துணித்துண்டும் நூற்கழிவும் எண்ணிறந்தன. பட்டின் வழவழப்பு, பருத்தியின் மென்மை, சரிகையின் சொரசொரப்பு ஆகிய மூன்றும் ஒரே தறிக்கூடத்தில் கிடைக்கும். காவிரிக் கரையில் கோரையும் வாழைநாரும் உண்டு. தென்னை நாரோ ஊர்தோறும் உண்டு. சரக்குந்துக்கு உடல்கட்டும் பட்டறைகளில் ரெக்சின், தார்ப்பாய், ரப்பர், உப்புத்தாள் ஆகியவற்றின் வெட்டுத் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்வோர் உளர். அவர்தம் சிறுமணி ஒன்றைத் தைத்தால் ஆட்டுக்குட்டி நடக்கும் ஓசை நூலிலிருந்தே எழும். தம்மம்பட்டியில் மரச்சிற்பம் வல்லார் வாழ்கின்றனர். முட்டை வைக்கும் அட்டைத்தட்டின் குழிகள்கூட ஒரு பக்கத்தின் நிலமாகும்.

ஆனால், கிடைப்பதையெல்லாம் ஒட்டிவிடுதல் கூடாது. இம்மண்ணின் விளைபொருளாகிய ஜவ்வரிசி விரலுக்கு இனிய உருண்டை. எனினும் அதைப் பூச்சி அரிக்கும். ஈரம் பட்டால் பிசுபிசுக்கும். அதற்கு மாறாக, அதே அளவுள்ள மணிகளை உறுதியான துணியில் தைப்பது நன்று. கோழியிறகைத் தூய்மை செய்யாமல் வைத்தால் நோய் தொற்றும். மிகச் சிறு குழந்தையின் நூலில், பிய்த்து வாயில் இட்டுக்கொள்ளத்தக்க துகள்கள் இருத்தலே கூடாது. குழந்தை நூலைப் பலகால் அழுத்தித் தடவும். அதற்குப் படிப்பு என்பதே அதுதான். ஆகவே பசையை மட்டும் நம்பாமல் தைத்து வைப்பதே தக்கது.

விரலுக்கென ஓர் இலக்கணம் உண்டு. ஒரு பக்கத்தில் மிகப் பல பொருள்கள் இருத்தல் ஆகாது. இரண்டு அல்லது மூன்று போதும். ஒரு வடிவத்துக்கும் மற்றொரு வடிவத்துக்கும் இடையே விரல் நுழையும் அளவு வெளி வேண்டும். கதைத்தலைவன் ஒரு பக்கத்தில் கம்பளியாக வந்தால், எல்லாப் பக்கங்களிலும் கம்பளியாகவே வர வேண்டும். நடுவில் அவனைப் பட்டாக்கிவிட்டால், குழந்தை அவனை வேறொருவனாக எண்ணும். படம் முழுவதும் குழந்தையின் இரு கைகளின் பரப்புக்குள் அடங்க வேண்டும். ஒரு கையால் நூலைப் பிடித்துக்கொண்டிருக்க நேரிட்டால் படிப்பதற்கு ஒரு கையே எஞ்சும்; ஆதலின், நூல் விரித்தவுடன் மேசைமீது தட்டையாகக் கிடக்குமாறு கட்டப்பட வேண்டும். படத்தின் அருகே கதை புள்ளி எழுத்திலும், பெரிய கரிய எழுத்திலும் இருத்தல் வேண்டும்.

பெரிய எழுத்து யாருக்கு எனக் கேட்கலாம். பார்வைக் குறை என்பது முழு இருள் மட்டும் அன்று. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இரு நிலைகளை வகுக்கிறது. கண்ணாடி முதலிய திருத்தங்களுக்குப் பின்னரும், நல்ல கண்ணின் பார்வை 3/60 என்னும் அளவுக்குக் கீழே இருப்பது பார்வையின்மை. 6/18-க்கு மேற்படாமல் 3/60 வரை இருப்பது குறைபார்வை. 6/18 என்றால், பிறர் பதினெட்டு மீட்டர் தொலைவில் தெளிவாகக் காண்பதை இவர் ஆறு மீட்டர் தொலைவில் வந்தே காண இயலும் என்பது பொருள். குறைபார்வையுடைய குழந்தை பெரும்பாலும் எல்லாப் பள்ளிகளிலும் எல்லாரோடும் அமர்ந்திருக்கிறது. கரும்பலகை தெரியாமையால் எழுதாமல் இருக்கும். ‘மந்தம்’ என்று பெயர் வாங்கும். அதற்குக் கருமையும் மஞ்சளும் போல எதிரெதிர் நிறங்களும், மினுமினுப்பற்ற தாளும், தடித்த புறக்கோடும் பேருதவி செய்யும். ஒரே நூலில் இவை யாவும் அமைந்துவிட்டால், பார்வையற்றவனும், குறைபார்வையுடையவனும், முழுப் பார்வையுள்ள தங்கையும், படித்துக்காட்டும் தாயும் ஒன்றாக அமர்ந்து அதைப் படிக்கலாம்.

இக்கருத்தை மறுப்போரும் உளர். ‘கைப்பேசி இன்று கதை சொல்கிறது, நூலையே உரக்கப் படித்துக் காட்டுகிறது. இனிப் புள்ளி எழுத்தும் படமும் எதற்கு?’ என்பர். கேள்விச் செல்வத்தின் பெருமையைத் தமிழர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எனினும், கேட்டல் வேறு, படித்தல் வேறு. தமிழ் எழுத்தின் நுட்பங்கள் பல செவிக்கு மட்டும் அடங்குவன அல்ல. வலி, வழி, வளி என்னும் மூன்றும் பலர் வாயில் ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கின்றன. மனமும் மணமும், அரமும் அறமும் அவ்வாறே. ‘முந்நூறு’ என்பதில் தந்நகரமும், ‘முன்னர்’ என்பதில் றன்னகரமும் வருவதைக் காது எங்ஙனம் பிரித்தறியும்? விரல் பிரித்தறியும், ஏனெனில் புள்ளிகள் வேறு. செவியாலே மட்டும் கல்வி பெறும் குழந்தை பேசக் கற்கும். பிழையின்றி எழுதக் கற்பது அரிது. எண்ணையும் எழுத்தையும் கண்ணாகக் கொண்ட மொழியில் பிறந்த குழந்தைக்கு, எழுத்தை மறுத்து ஒலியை மட்டும் அளிப்பது பாதி ஈகையே.

‘எழுத்து வேண்டும், படம் எதற்கு?’ என்பது இரண்டாம் மறுப்பு. இதற்கு விடை மேல்வகுப்பில் கிடைக்கிறது. ஆறாம் வகுப்பில் நிலப்படம் வரும்; அறிவியலில் மலரின் உறுப்பும் மின்சுற்றும் வரும்; வடிவியலில் முக்கோணமும் வட்டமும் வரும். மேடுற்ற படத்தை ஒருநாளும் தொட்டறியாத மாணவனிடம் பன்னிரண்டாம் வயதில் நிலப்படத்தைக் கொடுத்தால் அவன் திகைப்பான். உடனே, ‘இவனுக்குப் படம் வாராது’ என்று முடிவுகட்டி, படம் வரையும் வினாவுக்கு மாற்று வினா அளிக்கப்படுகிறது. அது சலுகை போலத் தோன்றும். உண்மையில் அறிவியலின் கதவும் கணிதத்தின் கதவும் அன்றே மெல்லச் சாத்தப்படுகின்றன. மூன்றாம் வயதில் கிடையாத ஒரு கதைநூல், பதினாறாம் வயதில் ஒரு பாடப்பிரிவையே பறித்துவிடுகிறது. சிறுநூல்தானே என்று இகழ்வோர் இதை எண்ணிப் பார்த்தல் நன்று.

‘ஒரு சிலருக்காக இவ்வளவு செலவா?’ என்பது மூன்றாம் மறுப்பு. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் பார்வைக் குறையுடையோர் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டவர். ஒரு சிலர் அல்லர். கையால் ஒரு நூலைத் தைத்து முடிக்கப் பல நாள் ஆகும் என்பது மெய்யே. அதற்கும் வழி உண்டு. கையால் செய்த மூலப்படத்தின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை வைத்து, சூடேற்றி, காற்றை உறிஞ்சினால் அத்தகடு படத்தின் மேடுபள்ளத்தை அப்படியே ஏற்கும். ஒரு மூலத்திலிருந்து பல படிகள் எடுக்கலாம். கரிய மையால் வரைந்த இடம் மட்டும் வெப்பத்தில் உப்பி எழும் தாளும் உண்டு. இவை கோட்டுப்படத்துக்கும் நிலப்படத்துக்கும் ஏற்றவை. ஆயினும் தகட்டில் கம்பளியும் கல்லும் ஒன்றுபோலவே வழுக்கும். சிறு குழந்தையின் முதல் நூலுக்கு மெய்ப்பொருளின் தொடுவுணர்வு வேண்டும். அதற்குத் தையல் தொழில் தேர்ந்த மகளிர் குழுக்கள் இச்சமவெளியில் ஊர்தோறும் உள்ளன. துணியை அடுக்கி ஒரே வெட்டில் பல படிகள் வெட்டும் திறம் அவர்கட்குக் கைவந்தது. உரிய கூலி கொடுத்து அவர்களைக் கொண்டு செய்வித்தால், குழந்தைக்கு நூலும் குடும்பத்துக்கு வருவாயும் ஒருங்கே கிடைக்கும்.

சட்டமும் இதற்குத் தடையாக இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம், மாற்றுத் திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை ஆக்கிக்கொள்ள இடமளிக்கிறது. பார்வையற்றோர்க்கு நூல்கள் எல்லை கடந்து செல்ல வழிசெய்யும் மராக்கேசு உடன்படிக்கை 2013-இல் தோன்றியது. அதனை உலகிலேயே முதலாவதாக 2014-இல் உறுதிசெய்த நாடு இந்தியா. முதலில் உறுதிசெய்த நாடு, முதலில் நூலையும் குழந்தையின் கையில் தர வேண்டாவா?

மாணவர்கள் இதில் செய்யத்தக்கது உண்டு. கைத்தொழில் வகுப்பில் நால்வர் சேர்ந்து ஒரு நூல் செய்யலாம். தம் ஊர்க் கதையொன்றைத் தேர்ந்து, ஆறு பக்கங்களில் சுருக்கி, பக்கத்துக்கு ஒரு படம் அமைக்கலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு தாமே தடவிப் பார்ப்பது முதல் சோதனை. ஆனால் அஃது இறுதிச் சோதனை ஆகாது. கண்ணைக் கட்டிக்கொண்டவன், தான் முன்னர்க் கண்ட படத்தை நினைவில் வைத்தே தடவுகிறான். நூலின் தகுதியை உரைக்க வல்லவர், நாள்தோறும் தொட்டே உலகை அறியும் பார்வையற்ற குழந்தையும், பார்வையற்ற ஆசிரியரும் ஆவர். ‘இது மாடு இல்லை, மேசை’ என்று அக்குழந்தை கூறுமாயின், அதை எள்ளாமல் ஏற்று, மீண்டும் பிரித்துத் தைக்க வேண்டும். பிரெயில் முறை தோன்றிய வரலாறு கற்பிக்கும் பாடம் இதுவே: விரலுக்குரியதை விரலே தீர்ப்பிட வேண்டும்.

ஒருநாள் விழாவில் நூல் வழங்கிப் படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் அதை நிலைப்பேழையில் பூட்டிவைக்கும் வழக்கம் நீங்குதல் வேண்டும். நூல் தேய வேண்டும்; கம்பளி நைய வேண்டும்; மணி மங்க வேண்டும். அவ்வாறு தேய்ந்த நூலே நன்கு படிக்கப்பட்ட நூல். அங்கன்வாடி தொடங்கி ஒவ்வொரு வகுப்பிலும், பிறர்க்குப் பாடநூல் வரும் அதே நாளில், பார்வைக் குறையுடைய குழந்தைக்கும் அதன் படநூல் வந்து சேர வேண்டும். பக்கத்தில் இருக்கும் குழந்தை ‘ஆடு எங்கே?’ என்று வினவுங்கால், இக்குழந்தையும் தன் நூலைத் திறந்து, கம்பளியின்மேல் விரல் வைத்து, ‘இதோ’ என்று கூறும் நாள் வாய்க்க வேண்டும்.